ஆடாதவர் காணும் ஆடுகளம்

படங்களுக்காகவே வாங்கப்படும் நூல்கள் பலவகை. பேராலயங்களின் படநூல்கள் உண்டு. மலைகளையும் பறவைகளையும் அரண்மனைகளையும் காட்டும் நூல்கள் உண்டு. இவற்றை ஏன் வாங்குகின்றனர் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் கோல்ஃப் என்னும் குழிப்பந்தாட்டம் நடைபெறும் மைதானங்களை மட்டுமே பக்கத்துக்குப் பக்கம் வண்ணத்தில் காட்டும் பெருநூல்களும் மேலைநாடுகளில் தொடர்ந்து அச்சாகி வருகின்றன என்றால், நம் வாசக அன்பர்கள் சற்று வியக்கக்கூடும். கால்பந்து மைதானத்தை மட்டும் படமெடுத்து நூலாக்கினால் வாங்குவார் யார்? நீளமும் அகலமும் விதிக்கு உட்பட்டவை. ஒன்றைக் கண்டவர் அனைத்தையும் கண்டவரே. கோல்ஃப் களத்துக்கோ பதினெட்டுக் குழிகள் என்னும் வழக்கு ஒன்றே கட்டுப்பாடு. நிலம் எப்படிக் கிடக்கின்றதோ அப்படியே ஆட்டமும் வளைந்து செல்லும். மணல்மேடு, ஓடை, காடு, கடல் என எது குறுக்கிட்டாலும் அதுவும் ஆட்டத்தின் ஓர் உறுப்பாகிவிடும். ஆகவே ஒவ்வொரு களமும் ஓர் ஊரைப் போன்றது. அதற்கெனத் தனி முகமும் தனிக் கதையும் உண்டு.

இந்த ஆட்டத்தில் ‘குழி’ என்ற சொல் இருபொருள் தருவது. பந்து சென்று விழும் சிறு குழியும் குழிதான். பந்தை முதலில் அடிக்கும் இடம் தொட்டு அது விழும் இடம்வரை, நூறு கஜமோ ஐந்நூறு கஜமோ நீளும் நிலப்பரப்பும் குழிதான். படநூல்கள் காட்டுவது இரண்டாவதை. இதை அறியாமல் நூலைப் புரட்டுவோர், குழி எங்கே என்று தேடிக் களைத்துப் போவர்.

நம் பங்கின் வாசகசாலைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நூற்கட்டு ஒன்று அன்பளிப்பாக வந்தது. அதிலிருந்த தடித்த நூல், 1976இல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்த ‘தி வேர்ல்ட் அட்லஸ் ஆஃப் கோல்ஃப்’ என்பதன் பிரதி. உலகின் புகழ்பெற்ற களங்களை நிழற்படங்களாலும், பறவை வானிலிருந்து நோக்குவதுபோல் தீட்டிய சித்திரங்களாலும் காட்டுவது. கோல்ஃப் மட்டையைக் கண்ணாலும் கண்டிராத நம் சிறுவர்கள், ஏனைய நூல்களை ஒதுக்கிவிட்டு இதனையே போட்டியிட்டுப் புரட்டுவதைக் கண்டோம். அவர்களைவிட நம் கருத்தைக் கவர்ந்தவர் ஒரு முதியவர். வாழ்நாளெல்லாம் கட்டுமரம் தள்ளியவர், எழுத்தறியாதவர். ஸ்காட்லாந்து நாட்டுக் களம் ஒன்றின் படத்தை நெடுநேரம் உற்று நோக்கியிருந்துவிட்டு, “இது காத்து கொண்டாந்து போட்ட மண்ணு சாமி, மனுசன் கொட்டுனதில்ல. கடல் இந்தப் பக்கம் இருக்கணுமே?” என்று படத்துக்கு வெளியே விரலைக் காட்டினார். அடுத்த பக்கத்தைத் திருப்பினோம். அவர் காட்டிய திசையிலேயே கடல் இருந்தது.

அவர் உற்று நோக்கிய களம் புனித ஆண்ட்ரூஸ் நகரத்துப் பழைய களம். ஆண்ட்ரூஸ் என்பது வேறு யாருமல்லர். நம் முன்னோர் பெலவேந்திரர் என்றும், இன்று நாம் அந்திரேயா என்றும் அழைக்கும் திருத்தூதரே. அவருடைய திருப்பண்டங்கள் கடல்வழியே ஸ்காட்லாந்தின் கீழைக் கரைக்குக் கொண்டுவரப்பட்டன என்பது அந்நாட்டு மரபு. அதனைச் சுற்றித் திருயாத்திரை வளர்ந்தது. யாத்திரையைச் சுற்றி நகரம் வளர்ந்தது. 1158ஆம் ஆண்டளவில் தொடங்கிய பேராலயம், 1318இல் இராபர்ட் புரூஸ் மன்னரின் முன்னிலையில் அபிஷேகம் செய்யப்பட்டது. ஸ்காட்லாந்தில் அதனினும் பெரிய ஆலயம் அன்று இருந்ததில்லை. 1559இல் எழுந்த சமயக் கலகத்தில் அது சூறையாடப்பட்டது. பின்னர் கேட்பாரற்றுச் சிதைந்தது. அதன் கற்கள் ஊராரின் வீட்டுச் சுவர்களாயின. இன்று கூரையற்ற சுவர்களும் கோபுரங்களும் கடற்காற்றில் தனித்து நிற்கின்றன. அதே நகரின் மறுகோடியில் பேராலயத்தினும் உயிரோடு இருப்பது இந்தப் புல்வெளி.

இத்தகைய நிலத்தை ஸ்காட்லாந்தில் ‘லிங்க்ஸ்’ என்பர். உழவுக்குரிய நிலத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பு அது. அதில் உழ முடியாது, விதைத்தால் விளையாது, கடினமான குறும்புல் மட்டுமே முளைக்கும். நம் நெய்தல் நிலத்தையும், திருநெல்வேலிச் சீமையின் தேரியையும், மணப்பாட்டு மணற்குன்றையும் அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உடையவர் எவருமின்றி எல்லார்க்கும் உரியதாய், ஆடு மேய்க்கவும் வலை உலர்த்தவும் துணி வெளுக்கவும் பயன்பட்ட பொதுப் புறம்போக்கு என்று கொள்க. முயல்கள் மேய்ந்து புல்லைக் கத்தரித்தன. குளிர்காற்றுக்கு அஞ்சிய ஆடுகள் மேட்டின் மறைவில் ஒடுங்கிப் படுத்துத் தேய்த்த பள்ளங்களே பின்னாளில் ஆட்டக்காரரை அலைக்கழிக்கும் மணற்குழிகள் ஆயின என்பர். எவரும் வரைபடம் தீட்டி இந்தக் களத்தை அமைக்கவில்லை.

இங்கே எப்போது ஆட்டம் தொடங்கியதென அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. இளைஞர் வில்வித்தை பழகாமல் பந்தின் பின்னே ஓடுகின்றனர் என்பதே காரணம். தடை வேண்டிய அளவுக்கு ஆட்டம் பரவியிருந்தது என்பது இதனால் விளங்கும்.

நம் கவனத்தை மேலும் ஈர்ப்பது 1552ஆம் ஆண்டின் சாசனம் ஒன்று. அவ்வூர்ப் பேராயர் ஜான் ஹாமில்டன், புல்வெளியின் வடபகுதியில் முயல் வளர்த்துக்கொள்ள ஊரார் தமக்கு இசைவளித்ததை ஏற்று எழுதிக் கொடுத்தது அது. நிலம் ஊராருடையதே என்றும், அங்கே கோல்ஃபும் கால்பந்தும் வில்லெறிதலும் பிற பொழுதுபோக்குகளும் நடத்த அவர்களுக்குள்ள உரிமை குறைவுபடாது என்றும் அதில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் அதே நகரில்தான் அவருடைய பெயரால் ஸ்காட்டு மொழியில் ஞானோபதேச நூல் ஒன்றும் அச்சாயிற்று. மக்கள் மொழியில் மறைக்கல்வி, மக்களுக்குப் புல்வெளி என இரண்டும் ஒரே ஆண்டில் வந்தன. பேராயரின் முடிவு துயரமானது. அரசியல் சுழலில் சிக்கி 1571இல் ஸ்டர்லிங் நகரில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய ஆலயம் இடிந்தது, சபை சிதறியது, அவர் கையொப்பமிட்ட உரிமை மட்டும் நிலைத்தது.

அதுவும் எளிதில் நிலைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கடனில் மூழ்கிய நகராட்சி, 1797இல் புல்வெளியைக் கைமாற்றியது. அடுத்து வந்த வணிகர்கள் இறைச்சிக்கும் தோலுக்குமாக முயல்களை ஆயிரக்கணக்கில் பெருக்க, அவை தோண்டிய வளைகளால் நிலமெல்லாம் பொத்தலாயிற்று. ஊராருக்கும் முயல் வணிகருக்கும் வழக்கும் கைகலப்புமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. பேராயர் காலத்தில் சாசனத்தின் ஓரத்தில் நின்ற முயல், இப்போது ஊரையே வெளியேற்றப் பார்த்தது. 1821இல் அக்கம்பக்கத்து நிலக்கிழாரான ஜேம்ஸ் சீப் என்பவர் நிலத்தை வாங்கி ஆட்டத்தைக் காத்தார். 1894இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி நகராட்சியே அதனை மீண்டும் வாங்கிக்கொண்டது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதனைப் பேணி வருகின்றது. உலகத்தின் மிகப் பெயர்பெற்ற கோல்ஃப் களம் எந்தச் செல்வர் சங்கத்துக்கும் சொந்தமன்று. வெளியூரார் பெயர் கொடுத்துவிட்டுச் சீட்டுக் குலுக்கலில் தம் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். உள்ளூர்க் கடைக்காரரோ ஆண்டுச் சீட்டுடன் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தே வருவார். நம் ஊர்களில் மந்தைவெளிகளும் குளக்கரைகளும் எவ்வாறு சுருங்கின என்று கண்டிருக்கும் நாம், இந்தச் செய்தியைப் படத்தினும் அழகானதாகக் கருதினோம்.

களத்தின் அமைப்பிலும் ஒரு விந்தை உண்டு. ஆட்டக்காரர் நகரிலிருந்து புறப்பட்டுக் கழிமுகம்வரை சென்று திரும்பி வருவர். போகும் குழிக்கும் வரும் குழிக்குமாக ஏழு பெரும் புல்தளங்கள் இரட்டைத் தளங்களாய் உள்ளன. பொதுத் தளமுடைய இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் பதினெட்டே வரும். இரண்டாவது பதினாறாவதுடன் சேரும். மூன்றாவது பதினைந்தாவதுடன் சேரும். சிறுவர்கள் இதனைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதிக் காட்டியபோது நாமும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.

மணற்குழிகள் நூற்றுக்கு மேற்பட்டவை. பலவற்றுக்குப் பெயருண்டு. பதினான்காவது குழியில், ஆளை மறைக்கும் ஆழத்தில் ஒன்று; அதன் பெயர் ‘நரகம்’. அதற்கருகே மெத்தென்ற பசும்பரப்பு. அது இன்ப லோகத்தின் பெயர் தாங்கியது. ‘சவப்பெட்டிகள்’ என்றும் ‘பிரசங்க மேடை’ என்றும் மணற்குழிகள் உள்ளன. எல்லாம் தாண்டி வந்துவிட்டோம் என்று ஆட்டக்காரர் மூச்சுவிடும் பதினெட்டாவது தளத்தின் வாயிலில் ‘பாவப் பள்ளத்தாக்கு’ காத்திருக்கின்றது. தவக்காலத் தியானம் நடத்தும் குரு எவரேனும் இந்தப் பெயர்களை இட்டிருப்பாரோ என்று நமக்குத் தோன்றியது. இந்நாட்டின் மேற்கரையில் பிரெஸ்ட்விக் என்னுமிடத்தில், மரக்கட்டைகளால் சுவரெடுத்த மாபெரும் மணற்குழி ஒன்று ‘கர்தினால்’ என்றே அழைக்கப்படுகின்றது. மரியாதைக்காக இட்டனரோ, விழுந்தவர் எழுவதரிது என்பதற்காக இட்டனரோ, நாம் விசாரிக்கவில்லை.

பேராலயத்தின் இடிபாட்டுக்குள் அமைந்த கல்லறைத் தோட்டத்தில் மோரிஸ் குலத்தார் இருவர் துயில்கின்றனர். தந்தை டாம் மோரிஸ், பந்து செய்யும் தொழிலில் தொடங்கி, களத்தின் காவலராய் உயர்ந்தவர். 1908இல் தம் 86ஆம் வயதில் காலமானார். மகனுக்கும் அதே பெயர். 1868 தொடங்கி நான்கு முறை தொடர்ந்து தேசியப் பந்தயத்தில் வென்ற இளைஞர். 1875 செப்டம்பரில் வேற்றூரில் தந்தையுடன் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது, மனைவி பிரசவ வேதனையில் இருப்பதாகத் தந்தி வந்தது. கழிமுகத்தைப் படகில் கடந்து வீடு சேருமுன் தாயும் சேயும் இறந்துவிட்டனர். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாளன்றே 24 வயதில் மகனும் இறந்தார். மட்டையுடன் குனிந்து பந்தை நோக்கும் அவருடைய உருவம் கல்லறைச் சுவரில் செதுக்கப்பட்டுள்ளது. கோல்ஃப் படநூல்கள் பலவற்றிலும் இந்தக் கல்லறையின் படம் இடம்பெறுவது, அவற்றை ஆக்குவோரின் உள்ளத்தை நமக்குக் காட்டுகின்றது.

இத்தகைய படநூல்களுக்கு முன்னோடி என்று நாம் கருதுவது 1910இல் வெளிவந்த ஒரு நூல். பிரித்தானியத் தீவுகளின் களங்களைப் பற்றி பெர்னார்ட் டார்வின் எழுதியது. பரிணாமக் கொள்கையினர் சார்லஸ் டார்வினின் பேரர் இவர். வண்ணச் சித்திரங்கள் தீட்டியவர் நியூசிலாந்தில் பிறந்த ஹாரி ரவுன்ட்ரீ. விலங்குகளை வரைவதில் பெயர்பெற்று, குழந்தை நூல்களுக்குப் படமெழுதியவர். அதனாலோ என்னவோ, அவருடைய மணல்மேடுகள் உறங்கும் மிருகங்களைப்போல் முதுகு வளைத்துக் கிடக்கும் என்று சொல்லத் தோன்றுகின்றது. தூரிகைக்குப் பின் வந்த நிழற்படக் கருவிக்கு ஒரு சிக்கல் இருந்தது. உச்சிப்பொழுதில் எடுத்தால் மேடும் பள்ளமும் மறைந்து நிலம் பாய் விரித்ததுபோல் ஆகிவிடும். ஆகவே இத்துறை வல்லுநர் பொழுது புலரும் வேளையையும் சாயும் வேளையையும் தேடிச் செல்கின்றனர். சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு மடிப்பும் நிழல் வீசும். விடியலில் வயலுக்குச் செல்லும் நம் உழவர், உழுத சாலின் கோணலை அந்நேரமே கண்டுகொள்வது இதனால்தான்.

முன்னர்ச் சொன்ன 1976ஆம் ஆண்டு நூலின் ஆசிரியர் நால்வருள் ஒருவரான பாட் வார்டு-தாமஸ் இரண்டாம் உலகப் போரில் விமானியாய் இருந்து சிறைப்பட்டவர். ஜெர்மானியரின் போர்க்கைதி முகாமில், முள்வேலிக்குள்ளிருந்த மணற்பரப்பில் தோழர்களுடன் சிறு கோல்ஃப் களம் அமைத்து, கையாற் செய்த பந்துகளைக் கொண்டு ஆடினார். அத்தகையவர் பின்னாளில் உலகின் பெருங்களங்களை எழுதினார் என்பதை அறிந்தபின் அவருடைய பக்கங்களை நாம் சற்று நின்று வாசித்தோம்.

மற்றொருவரையும் குறிப்பிடாமல் இருக்க இயலாது. அலிஸ்டர் மக்கன்சி ஒரு மருத்துவர். தென்னாப்பிரிக்கப் போரில் மருத்துவப் பணியாற்றியபோது, போயர்கள் தங்கள் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாய் மறைத்த திறமையைக் கண்டார். முதல் உலகப் போரில் அந்த மறைப்புக் கலையைப் படைவீரர்க்குக் கற்பித்தார். பின்னர் மருத்துவத்தை விட்டு, கோல்ஃப் களங்கள் அமைப்பதில் அதே கலையைப் பயன்படுத்தினார். மனிதர் கை பட்டதே தெரியாவண்ணம் நிலத்தைத் திருத்துவது அவர் கொள்கை. 1924இல் அவர் வெளியிட்ட புனித ஆண்ட்ரூஸ் களத்தின் வரைபடம் இன்றும் சுவர்களில் மாட்டப்படுகின்றது. கலிபோர்னியாவில் அவர் அமைத்த சைப்ரஸ் பாயின்ட் களத்தின் பதினாறாவது குழி பசிபிக் பெருங்கடலின் அலைகளுக்கு மேலாகப் பந்தை அடிக்கச் செய்வது. அந்தப் படத்தைக் கண்ட சிறுவன் ஒருவன், “பந்து கடலில் விழுந்தால் யார் எடுப்பார், சாமி?” என்று கேட்டான். ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில், பழைய நாற்றுப் பண்ணை ஒன்றில், பாபி ஜோன்சுடன் சேர்ந்து அவர் அமைத்த களத்தின் ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடியின் அல்லது மரத்தின் பெயர். அங்கு முதற்பந்தயம் நடந்த 1934 மார்ச்சில் அவர் உயிருடன் இல்லை. அவ்வாண்டு சனவரியிலேயே இறந்துவிட்டார்.

படங்களின் அழகில் நாம் மயங்கினோம் என்பது உண்மை. ஆயினும் அவற்றில் மனிதரே இல்லை என்பதைக் கவனித்தோம். புல் வெட்டுபவர் இல்லை. பையைச் சுமக்கும் கேடி இல்லை. வேலிக்கு வெளியே நின்றவரும் இல்லை. அகஸ்டாவின் செவ்வரளி போன்ற செம்மலர்ப் புதர்களைக் காட்டும் பக்கம், அச்சங்கம் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்துக்கொண்டது 1990இல்தான் என்பதையும், பெண்களைச் சேர்த்தது 2012இல்தான் என்பதையும் காட்டாது. புனித ஆண்ட்ரூசின் களம் பொதுவுடைமையாயினும், அதனருகே மாளிகை கொண்ட புகழ்பெற்ற சங்கம் பெண்களுக்கு இடமளிக்க 2014இல்தான் வாக்களித்தது. இவை படநூலின் குற்றமன்று எனலாம். பூவைப் படமெடுப்பவர் வேலியைப் படமெடுக்கக் கடமைப்பட்டவரல்லர். எனினும் சிறுவருக்கு நூலைக் கொடுக்கும்போது வேலியையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தோம்.

இந்தப் படங்கள் கண்ணுக்கு விருந்தாவதோடு நிற்பதில்லை என்பதற்கு ஒரு சான்று. நியூயார்க்கின் அருகே லாங் தீவில், கடலோரச் சதுப்பை மணல் கொட்டி நிரப்பி, 1917இல் ‘லீடோ’ என்னும் களம் திறக்கப்பட்டது. அமைத்தவர் சார்லஸ் பிளேர் மக்டொனால்டு. இளமையில் புனித ஆண்ட்ரூசில் கல்வி பயின்றபோது ஆட்டத்தைக் கற்றவர். அதன் ஒரு குழிக்கான அமைப்பை 1914இல் ஓர் இதழின் போட்டியில் வென்று தந்தவர் நாம் மேலே கூறிய மருத்துவர் மக்கன்சி. அக்காலத்தார் அதனைத் தலைசிறந்ததென்று போற்றினர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை நிலத்தை எடுத்துக்கொள்ள, களம் அழிந்தது. எஞ்சியவை பழைய நூல்களிலும் இதழ்களிலும் இருந்த படங்களும் குறிப்புகளுமே. ஆர்வலர் ஒருவர் அப்படங்களை ஆண்டுக்கணக்கில் சேகரித்து, நிழலின் நீளத்தைக்கொண்டு மேட்டின் உயரத்தைக் கணித்து, கணிப்பொறியில் களத்தை மீட்டெழுப்பினார். அந்தக் கணக்கைப் பின்பற்றி, கடலே இல்லாத விஸ்கான்சின் மாநிலத்து உள்நாட்டு மணல்வெளியில், 2023இல் லீடோ மீண்டும் திறக்கப்பட்டது. மண் வேறு, காற்று வேறு. மேடும் பள்ளமும் மட்டும் பழையவை.

முதியவர் அடுத்த வாரமும் வந்தார். லீடோவின் கதையைச் சொன்னோம். கடலில்லாமல் அந்த மேட்டுக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு, புனித ஆண்ட்ரூசின் பக்கத்தையே மீண்டும் திறந்து வைத்துக்கொண்டார்.

அந்தக் களத்தில் வாரத்தின் ஆறு நாள்களே ஆட்டம். பெரும் பந்தயம் போன்ற சில நாள்கள் நீங்கலாக, ஞாயிறன்று பந்து உருளாது; ஆட்டக்காரருக்கு வேண்டாவிடினும் நிலத்துக்கு ஓய்வு வேண்டும் என்பது டாம் மோரிஸ் காலத்திலிருந்தே உள்ள எண்ணம். அன்று ஊரார் நாய்களை அழைத்துக்கொண்டு புல்தளங்களினூடே உலாவுகின்றனர். குழந்தைகள் சிறு ஓடையின்மீதுள்ள பழைய கற்பாலத்தில் ஏறி இறங்குகின்றனர். சிலர் நரகம் என்னும் மணற்குழிக்குள் குதித்து மணல்வீடு கட்டுகின்றனர். காவலர் எவரும் அவர்களைத் துரத்துவதில்லை.